மூன்றாம் இலக்கத்துக்கு வந்த பதில்

உதைபந்தாட்ட நடுவராகிப் புதிதாக விசில் வாங்கியிருக்கும் உங்களுக்கு விதிகளைச் சொல்லித்தரும் எண்ணம் எனக்கு இல்லை. விதிப்புத்தகம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. ஓஃப்சைட் பற்றி உங்களுக்குத் தெரியாவிட்டாலும், வேலிக்கு வெளியே கோப்பிக் கோப்பையோடு நிற்பவர்கள் சத்தம்போட்டுச் சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது எண்ணுவதைப் பற்றி. பதினொன்றுவரை எண்ணுவது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருபது வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடி, முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு விசிலைக் கழற்றி வைத்தவன் நான். அத்தனை வருடத்தில் ஒரு மனிதனுடைய உயிர் இந்த எண்ணிக்கையில் தொங்கியது ஒரே ஒரு முறைதான்.

எனக்கு எண்ணத் தெரியாது என்று ஒருவர் எழுதியே தந்திருக்கிறார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடுவராகி இரண்டாவது வருடம், சிட்னியின் செவன் ஹில்ஸில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு மைதானம். இரண்டு பேரை மாற்றுகிறோம் என்று ஓர் அணி சொன்னது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், ஒருவர்தான் வெளியே போனார். ஏழு நிமிடம் அந்த அணி பன்னிரண்டு பேரோடு விளையாடியது. ஒரு கோலும் போட்டது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண். அன்று என்னை மதிப்பிட வந்திருந்தவர் கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி: “இவருக்குப் பதினொன்றுவரை எண்ணத் தெரியுமா என்று யாராவது உறுதிப்படுத்தவும்.” அன்றிலிருந்து ஒவ்வொரு முறை பந்து நின்று திரும்ப ஓடும்போதும் நான் தலைகளை எண்ணுவேன். கோயிலில் கும்பிடுவதற்கு முன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கேள்வி இல்லாமல்.

பிறகு மெல்பேர்னுக்கு மாறினேன். மேற்குப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை லீக், அதிலும் கீழிருந்து இரண்டாவது பிரிவு. உங்களில் பலர் அங்கேதான் தொடங்கப்போகிறீர்கள். அங்கே டிக்கெட் இல்லை, இருக்கை இல்லை. கோட்டில் நிற்கும் உதவி நடுவர்களும் இல்லை. அணிக்கு ஒருவர் கொடி பிடிப்பார், அவரும் பாதி நேரம் வாட்ஸ்அப் பார்ப்பார். நடுவர் என்றால் நீங்கள் ஒருவர்தான்.

அந்த லீக்கில் நம்மவர்களின் அணி ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பாதி, மிச்சத்தில் சென்னை, கோயம்புத்தூர், மலேசியாவின் ஈப்போ. அணித் தலைவன் ரமணன், குளிர்சாதனப்பெட்டி திருத்துபவன், கோபக்காரன். நான் தமிழன், அவர்களும் தமிழர், அந்த ஆட்டத்தை நான் நடத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. நடுவர் கிடைப்பதே பெரிய பாடாக இருந்த லீக் அது. ஆனால் நானே என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ரமணன் தந்த பெயர்ப்பட்டியலில் மாற்று வீரர்களுக்கிடையே ஒரு பெயர் இருந்தது. பதினான்காம் இலக்கம், நிமலன். எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். இடப்பக்கக் கோட்டோடு ஓடுபவன், ஓடத் தொடங்கினால் காற்றுகூடப் பின்னுக்கு நிற்கும். பருவம் தொடங்குவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் நெடுஞ்சாலையில் ஒரு லொறி மோதி இறந்திருந்தான். அவனுடைய செத்தவீட்டுக்கு நானும் போயிருந்தேன்.

“ரமணன், இது என்ன?” என்று தாளைக் காட்டிக் கேட்டேன்.

“தெரியும் அண்ணை. வரேல்ல எண்டு நீங்கள் எழுதுங்கோ, அது பரவாயில்லை. பேரை மட்டும் ஒருக்காக் கூப்பிட்டு விடுங்கோ.”

ஆட்டத்துக்கு முன் வீரர்களை வரிசையில் நிறுத்தி, இலக்கமும் பெயரும் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்ததும் டிக் போடுவது நம் வழக்கம். கூப்பிட்டேன். பதின்மூன்றாம் இலக்கம், ‘ஆம்’ என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்கிற “ஓம்” என்றது. “பதினான்கு, நிமலன்” என்றேன். ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு முழு அணியும் ஒரே குரலில், தாழ்ந்த குரலில், “ஓம்” என்றது. ஈப்போப் பிள்ளையும் “ஓம்” என்றான், சென்னைப் பிள்ளையும் “ஓம்” என்றான். விதிப்படி அந்தப் பெயரை நான் கோடு போட்டு அடித்திருக்க வேண்டும். அடிக்க மனம் வரவில்லை.

அந்தப் பருவத்தில் அவர்களுடைய ஆட்டங்களில் ஐந்தோ ஆறோ எனக்குக் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பெயரைக் கூப்பிடுவேன், ஒரு மூச்சு அமைதி, பிறகு “ஓம்”. மெல்ல மெல்ல அது அவர்களுக்குள் ஊறிவிட்டது. பயிற்சிக்கு யாராவது பிந்தினாலும், பெயர் கூப்பிட்டால் மற்றவர்கள் “ஓம்” என்று நிரப்பிவிடுவார்களாம். இடைவெளி விழுந்தால் அதை யாராவது ஒரு குரல் மூடவேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆட்டத்துக்குள்ளும் எனக்குப் பிடிக்காத ஒன்று நடந்தது. அவர்கள் இடப்பக்க மூலைக்குப் பந்தை அடிப்பார்கள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பந்து தானாக ஓடி வெளியே போகும். யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். எதிரணித் தலைவன் ஒருநாள் என்னிடம் வந்து, “உங்கட ஆட்கள் யாருக்குப் பாஸ் பண்ணுறாங்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் விளையாட்டைப் பார்க்கச் சொன்னேன். மழை தூறிய இன்னொரு நாள், அந்த “ஓம்” முடிந்த பிறகு இன்னும் ஒன்று, கொஞ்சம் பிந்தி, இடப்பக்கத்திலிருந்து வந்தது போலிருந்தது. எதிரொலி என்று எடுத்துக்கொண்டேன். சுவர் எதுவும் இல்லாத மைதானம் அது.

அந்த அணியில் ஒரே ஒருவர்தான் “ஓம்” சொல்லாதவர். மூன்றாம் இலக்கம், செந்தில். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். நிமலனுக்குப் பின்னால் விளையாடியவர். “மூன்று, செந்தில்” என்றால் கையை உயர்த்தி, “ஆமாங்க” என்பார். பெண்பார்க்க வந்த மாப்பிள்ளை போல அத்தனை பணிவு. மற்றவர்கள் சிரிப்பார்கள். நிமலனின் பெயர் வரும்போது மட்டும் அவர் வாயே திறக்கமாட்டார், தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது.

கடைசி ஆட்டம் மெல்பேர்னின் மேற்கே, டார்னெய்ட்டில். பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் மைதானம் தேவைப்பட்டதால் எங்களுக்குக் காலை கொடுத்திருந்தார்கள். வென்றால் நம்மவர்கள் மேல் பிரிவுக்குப் போவார்கள். ஆட்டம் பாதியில் நின்றால் புள்ளி இரண்டு பக்கமும் பிரியும், அது போதாது. ரமணனின் முகத்தில் அது எழுதியிருந்தது. கையுறை இல்லாத கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். “இண்டைக்கு அவனுக்காக அண்ணை” என்று மட்டும் சொன்னான்.

பனிமூட்டம் முதலில் மைதானத்துக்கு வெளியே, வாய்க்கால் பக்கம் கிடந்தது. இடப்பக்கக் கோட்டுக்கு அப்பால் கம்பிவேலி, அதற்கு அப்பால் சரிவு, சரிவின் அடியில் மழைநீர் ஓடும் கொங்கிரீட் வாய்க்கால். முதல் பாதியில் நம்மவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கும்போது வேலி மறைந்திருந்தது. நடு வட்டத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கோல் கம்பங்களும் தெரிந்தன, தெரிந்தன என்று சொல்லுமளவுக்கு. ஆட்டத்தைத் தொடர்ந்தேன்.

இருபது நிமிடம் கழித்து யாரோ அடித்த பந்து இடப்பக்க வேலியைத் தாண்டிப் போனது. “நான் எடுக்கிறேங்க” என்று செந்திலின் குரல். வேலியில் இடைவெளி இருந்த பக்கமாக அவர் பனிக்குள் மறைவதைப் பார்த்தேன். அதற்குள் எதிரணியின் மாற்று வீரர்கள் இருந்த வாங்கிலிலிருந்து வேறொரு பந்தை உள்ளே எறிந்தார்கள், ஆட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. நான் எண்ணவில்லை. இருபது வருடப் பழக்கம், அந்த ஒரு முறை எண்ணவில்லை. ஒன்று-பூச்சியம், கடைசி ஆட்டம், என் மனமும் யாருடைய பக்கம் நின்றது என்று எனக்குத் தெரியும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நிமிடம் பனி ஒரு மொத்தமாக உள்ளே வந்தது. கோல் கம்பங்கள் போயின. விசில் அடித்து நிறுத்தினேன். ரமணன் ஓடிவந்தான்.

“அண்ணை, நிப்பாட்டிப் போடாதேங்கோ. ரெண்டு நிமிசம் பாருங்கோ, விலகும்.”

“ஒருத்தரையும் தெரியேல்ல, ரமணன்.”

“கூப்பிட்டுப் பாப்பம். எல்லாரும் பதில் சொன்னால் விடுவீங்களோ?”

நான் சரி என்றேன். அதுதான் என் இரண்டாவது பிழை. எதிரணித் தலைவன் தன் ஆட்களைக் கூப்பிட்டான், பகிடியும் நக்கலுமாகப் பதில்கள் வந்தன, அவனோடு சேர்த்துப் பதினொன்று. பிறகு ரமணன் கூப்பிடத் தொடங்கினான். வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக “ஓம்”, “ஓம்”. ஆள் தெரியாமல் குரல் மட்டும் வருவது நல்ல அனுபவம் இல்லை. “மூண்டு” என்றான் ரமணன். ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு இடப்பக்கத்திலிருந்து “ஓம்”. ரமணன் அடுத்த இலக்கத்துக்குப் போனான். ரமணனோடு சேர்த்துப் பதினொரு இலக்கம், பதினொரு குரல். பனியும் கொஞ்சம் விலகியது போலிருந்தது. விசில் அடித்தேன்.

ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். எதிரணிக்கு ஒரு கோர்னர் உதை கிடைத்தது. நம்மவர்கள் எல்லாரும் தங்கள் கோலுக்கு முன்னால் கூடினார்கள். முகம் தெரியும் தூரத்தில் அத்தனை பேரும் வந்தது அப்போதுதான். பழக்கம் தானாக வேலை செய்தது. எண்ணினேன், பத்து. கோல்கீப்பரைச் சேர்த்துத் திரும்ப எண்ணினேன், பத்து.

“ரமணன், ஒருத்தன் குறையுது.”

“மேல, அவங்கட பக்கம் நிக்கிறான் அண்ணை. பதினோராம் நம்பர்.”

பதினோராம் இலக்கம் எனக்கு முன்னால், கம்பத்தோடு ஒட்டி நின்றது. ரமணன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, “எல்லாரும் பதில் சொன்னவங்கள்தானே, நீங்களும் கேட்டனீங்கள்தானே” என்றான்.

கேட்டேன்தான். அந்த இடத்தில் நான் நின்ற நிலையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். என் காது பதினொன்று என்கிறது, கண் பத்து என்கிறது. பத்து நிமிடம்தான் மிச்சம். எதிரணி ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளின் ஒரு வருடம் போகும். பனிக்குள் யாரோ ஒருவர் தள்ளி நிற்கிறார் என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். உதைப்பவன் பந்தை வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இலக்கங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். இல்லாதது மூன்று. மூன்றுக்குப் பதில் வந்ததே என்று நினைத்தேன். என்ன பதில் வந்தது என்று நினைத்தேன்.

“ஓம்.”

செந்தில் அந்தப் பருவம் முழுக்க ஒருநாளும் “ஓம்” என்று சொன்னதில்லை.

விசிலை எத்தனை முறை அடித்தேன் என்று தெரியாது. “செந்தில் எங்க?” என்று கத்தினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. வேலிப் பக்கம் ஓடினோம், எதிரணியும் கூட ஓடிவந்தது. ரமணன் “செந்தில்” என்று கூவினான். ஒரு மூச்சு அமைதி. எனக்குப் பயம் பிடித்தது, யாராவது அதை நிரப்பிவிடுவார்கள் என்று.

“ஒருத்தரும் பதில் சொல்லக் கூடாது. வாயைத் திறந்தால் சிவப்பு அட்டை” என்றேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு கூத்தான மிரட்டல்தான் என் வாயில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட ஆண்கள் பனிக்குள் மூச்சை அடக்கி நின்றார்கள்.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம். டொக். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப, டொக். கதவை யாரோ தட்டுவது போல, ஆனால் அவசரமில்லாமல். சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கினோம். தொலைந்த பந்துதான் அது, நீரில் மிதந்து கொங்கிரீட் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் செந்தில் ஒருக்களித்துக் கிடந்தார். சரிவில் வழுக்கித் தலை அடிபட்டிருந்தது. வாய்க்காலில் ஒரு சாண் தண்ணீர்தான். ஆனால் அவருடைய உடம்பே குறுக்கே கிடந்து தண்ணீரை மறித்திருந்தது, அது மெல்ல மெல்ல ஏறியிருந்தது.

ஈப்போக்காரரான கோல்கீப்பர் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவர். எல்லாரையும் தள்ளிவிட்டு, கழுத்து அசையாமல் தலையைத் தூக்கிப் பிடித்தார். காதை அவருடைய மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு, “மூச்சு இருக்கு அங்கிள்” என்றார். “தண்ணி உதட்டுகிட்ட வந்துருச்சு. கோர்னர் அடிக்க விட்டிருந்தீங்கன்னா ஆள் இருந்திருக்க மாட்டாரு.” நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அம்புலன்ஸ் வந்தது, ஆட்டம் கைவிடப்பட்டது, புள்ளி பிரிந்தது, நம்மவர்கள் மேலே போகவில்லை. அறிக்கையில் என் இரண்டு பிழைகளையும் நானே எழுதினேன். பதினான்காம் இலக்கம் பற்றியும் எழுதினேன். லீக் எனக்குக் கடிதத்தில் கொடுத்த திட்டு எனக்கு உரியதுதான்.

அந்த “ஓம்” யாருடையது என்று அன்றே ஒவ்வொருவராகக் கேட்டேன். ரமணனைத் தவிர்ந்த ஒன்பது பேரும் “நான் இல்லை” என்றார்கள். பழக்கத்தில் வாய் தவறி வந்திருக்கும், ஒப்புக்கொள்ளுங்கள், கோபப்படமாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ரமணன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். “நான் கூப்பிட்டனான் அண்ணை. கூப்பிட்டவன் எப்பிடிப் பதில் சொல்லுறது?” என்றான். அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார், அல்லது தான் சொன்னதே அவருக்குத் தெரியாது. நான் அப்படித்தான் நம்புகிறேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். செந்தில் தலையில் கட்டோடு சாய்ந்து இருந்தார். அவருடைய மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மனைவி தண்ணீர் எடுக்கப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சார், ரமணன் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுங்க. மூணுன்னு கேட்டுச்சு. பதில் சொல்லணும்னு பாக்கறேன், வாயே அசையலைங்க.”

“பரவாயில்ல செந்தில், அதை விடுங்கோ.”

“இல்லைங்க சார். அப்ப என் பக்கத்துல யாரோ ஓம்னாங்க. ரொம்பப் பக்கத்துல, காதுகிட்ட. சரி, நம்மள கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நிம்மதியாயிட்டேன். அப்புறம் பாத்தா விசில் அடிச்சு ஆட்டம் நடக்குதுங்க.”

வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது எனக்கு நிமலன்மேல் கோபம் வந்தது. செத்துப்போன ஒரு பிள்ளைமேல் கோபப்பட்டேன். அவன் உதவ வந்தானா, இடத்தை நிரப்ப ஆள் தேடி வந்தானா என்று யோசித்தேன். பிறகு அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது. வராத ஒருவனை ஒரு பருவம் முழுக்க வரிசையில் கூப்பிட்டது நான்தான். இல்லாதவனுக்குப் பதில் சொல்லிப் பழக இடம்விட்டதும் நான்தான். அன்பினால் செய்தது என்பதால் பிழை பிழையில்லாமல் போய்விடாது.

உங்களுக்கும் இப்படி யாராவது வந்து, “ஒருக்கா மட்டும்” என்று கேட்பார்கள். கேட்பவர் நல்லவராக இருப்பார், காரணமும் நல்லதாக இருக்கும். துக்கத்துக்கு ஒரு நிமிட மௌனம் கொடுங்கள், கையில் கறுப்புப் பட்டி கட்ட விடுங்கள், வேண்டுமென்றால் அவர்களோடு சேர்ந்து அழுங்கள். பெயர்ப்பட்டியலில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அது உயிரோடு இருப்பவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கான தாள். பனியோ மழையோ, குரலுக்கு டிக் போடாதீர்கள், முகத்துக்குப் போடுங்கள்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டமும் எனக்கே வந்தது. அதே டார்னெய்ட் மைதானம், வெயில் நாள்; வேலி, சரிவு, எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. ரமணன் தாளை நீட்டினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து என்று எழுதியிருந்தான். நான் அவன் தோளைத் தட்டினேன். பிறகு வரிசைக்கு முன்னால் நின்று கூப்பிடத் தொடங்கினேன்.

“மூன்று, செந்தில்.”

நெற்றியில் தையல் தழும்போடு அவர் கையை உயர்த்தினார். “ஆமாங்க.”

வரிசையில் ஒருவன் அவரைச் சீண்டினான். “ஒரு வருசமாப் போச்சு, இன்னும் உங்களுக்கு ஓம் எண்டு சொல்ல வரேல்லையே?”

எல்லாரும் சிரித்தார்கள். செந்தில் மட்டும் சிரிக்கவில்லை. இடப்பக்கக் கோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“வேண்டாங்க” என்றார். “அது வேற ஒருத்தரோடதுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு டிக் போட்டேன்.